தரையில் டிஷ் வைத்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் அம்மா இருந்தாள். பள்ளிக்கரணையிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தகராறைப் பேசித் தீர்க்க அவர் கையோடு கூட்டிவந்த வார்டு ஆள் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டு கேட்டுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவை ஒட்டி நின்றேன். அப்பா இல்லை. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் அவருக்கு அது ஒன்பதாவது நாள். எல்லோரும் யாருக்காகக் காத்திருந்தோமோ அந்த ஆளும் இன்னும் வந்து சேரவில்லை.

அவர் டிஷ் மாட்டுகிறவர். மாடம்பாக்கம் ஏரிப்பக்கம் போகிற எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கு அவர்தான் மாட்டினார். பதினொன்றும் தரையில்.

டிஷ் என்றால் மொட்டை மாடியில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீடு வீடாக வந்து இறங்கிய சமயம். எங்கள் தெருவுக்குக் கேபிள் ஒயர் வரவில்லை. முனையிலேயே நின்றுவிட்டது. அதனால் ஆளாளுக்கு டிஷ் வாங்கினார்கள். வாங்குவதில் ஒரு பெருமையும் இருந்தது. மாடியில் வட்டமாக ஒன்று நின்றால் மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். அந்தப் பெருமையைத்தான் இந்த மனிதர் வந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

அவரிடம் ஏணி கிடையாது. ரெக்ஸின் பை ஒன்று, சிக்னல் பார்க்கிற மீட்டர் ஒன்று, ஷூ லேஸில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட திசைகாட்டி ஒன்று. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வருவார். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடப்பார். பிறகு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மண்ணில் மல்லாந்து படுத்துவிடுவார்.

முதல் தடவை அம்மா பயந்துபோனாள். துவைக்கிற கல் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் ஒருத்தர் கையைக் காலை நீட்டிக் கிடக்கிறார், ஒரு கண்ணை மூடியிருக்கிறார். "இன்னாபா ஆச்சு உனக்கு?" என்று சொம்புத் தண்ணீரோடு ஓடினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. மானம் பாக்கறேன்."

வானத்தைத்தான் அவர் மானம் என்பார். மூடிய கையை முகத்துக்கு நேரே நீட்டி, உச்சியிலிருந்து ரெண்டு கை அளவு தென்கிழக்காக இறக்கி, அந்த இடத்தில் ஓலை மறைக்கிறதா, சன்ஷேடு மறைக்கிறதா என்று பார்ப்பார். மறைக்காவிட்டால் எழுந்து முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல் அங்கேயே குழி தோண்டி பைப்பை நட்டுவிடுவார். மறைத்தால் இரண்டடி தள்ளிப் படுப்பார். அவர் படுத்து எழுந்த இடங்களை வைத்தே ஒரு வீட்டில் என்ன கஷ்டம் இருந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் மூன்று இடம். டீச்சர் வீட்டில் ஏழு.

டீச்சர் வீடு கான்கிரீட் வீடு, நல்ல மொட்டை மாடி. டிசம்பர் மாதம் அந்த மாடியில்தான் பெரிய ஸ்டார் கட்டுவார்கள். ஸ்டாருக்குப் பக்கத்தில் டிஷ் இருக்க வேண்டும் என்பது டீச்சரின் ஆசை.

"மாடி சும்மாதானே இருக்கு. படி இருக்கு, ஏணிகூட வேணாம். ஏறி வெச்சுடுங்களேன்."

"எதுக்கு டீச்சர்?"

"எதுக்கா? உயரமா இருக்குமில்ல?"

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்லேர்ந்து வந்துகினு கீது டீச்சர். உங்க மாடி பன்னெண்டு அடி. நீங்க ஏறி நின்னீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். தானே பூந்தொட்டிகளை நகர்த்தி இடம் விட்டார். டிஷ் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவில் நின்றது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அதற்கும் சேர்த்து சீரியல் பல்பு சுற்றினார்கள். படம் சுத்தமாக வந்தது.

அவர் சொன்னது சரி. இதை நான் அப்போதே சோதித்துப் பார்த்தேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். வடநாட்டில் அந்தச் செயற்கைக்கோள் தாழ்வான கோணத்தில் இருக்கும். அங்கே மரமும் வீடும் மறைக்கும், மாடி வேண்டும். நமக்கு அது உச்சிக்குப் பக்கத்தில். நாலு பக்கமும் சுவர் இருந்தாலும் மேலே திறந்திருந்தால் போதும். நோட்டில் படம் போட்டு அவரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "படுத்துப் பாத்தா இதுதான் தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சிக்னலுக்கு உயரம் வேண்டாம் என்பது சரி. ஆனால் அவர் ஏறாததற்கு அது காரணம் இல்லை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் எதிலுமே ஏற மாட்டார். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் அவரைப் பார்த்திருக்கிறேன். கேட் மூடியிருக்கும். சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு ஜனங்கள் எல்லாம் பாலத்துப் படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்பார். ஒரு எக்ஸ்பிரஸ் போகும், அதன் பின்னால் ஒரு லோக்கல், அதன் பின்னால் ஒரு கூட்ஸ். போனில் யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள். "வந்துகினே கீறேன் சார்" என்பார். ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டார்.

சேலையூரில் ஒரு பேங்க் ஆபீசர் இரண்டாவது மாடியில் குடியிருந்தார். அவருக்கு இவர் டிஷ்ஷைக் கீழே தண்ணீர் சம்ப் ஓரம் வைத்தார். கேபிள் நுனியில் கயிறு கட்டி, "நீங்க பால்கனியில நின்னு இழுங்க சார்" என்றார். ஆபீசர் லுங்கியோடு நின்று கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் முப்பது மீட்டர் கேபிளை இழுத்தார். வீட்டுக்குள் பாக்ஸை எப்படிச் சொருகுவது, எந்த பட்டனை அழுத்துவது என்பதையெல்லாம் இவர் கீழேயிருந்தே கத்திச் சொல்லி முடித்தார். ஆபீசர் வீட்டம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "காபி கலந்திருக்கேன், அதையும் கயித்துல கட்டி இறக்கணுமா?" என்று கேட்டாராம். "இறக்குங்கம்மா" என்றாராம் இவர். தூக்குவாளியில் இறங்கியது.

ஏன் ஏறமாட்டார் என்பதற்குத் தெருவில் மூன்று கதை இருந்தது. கூடப் பிறந்தவன் விழுந்து செத்தான் என்று ஒன்று. அவருக்கு வலிப்பு உண்டு என்று ஒன்று. பெண்டாட்டியிடம் சத்தியம் செய்துகொடுத்தார் என்று ஒன்று. அவரிடமே கேட்டவர்களும் உண்டு. "ஏறல. அவ்ளோதான்" என்பார். பொய்க்கு ஒரு காரணம் சொல்லி முடித்துவிடலாம். அதையும் செய்ய மாட்டார். கேட்டதற்கு எவ்வளவு பதிலோ அவ்வளவு, அதற்கு மேல் வராது.

தரையில் இருப்பதில் தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. நாய் காலைத் தூக்கும். ஆடு முதுகு சொறியும். எங்கள் டிஷ்ஷைச் சுற்றி நாலு செங்கல் வைத்து, வேலிக்கருவை முள்ளை வெட்டிச் சொருகிவிட்டுப் போனார். "வாரத்துக்கு ஒரு தபா ஈரத்துணியில தொடைச்சுடுக்கா. தட்டு மாதிரிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதைத் தட்டு மாதிரியேதான் நடத்தினாள். வெள்ளிக்கிழமை தேய்த்துக் கழுவி, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். அடுத்த முறை வந்தபோது பொட்டைப் பார்த்தார். மீட்டரை வைத்து சிக்னல் பார்த்தார். "குறையல" என்று மட்டும் சொன்னார்.

இதை ஒப்புக்கொள்ளாதவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. தாம்பரத்துக்குத் தெற்கே எழும்பிய அடுக்குமாடிகளில் பாதியில் அவர் நின்றிருக்கிறார். ஊரப்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கை நீட்டி, "அந்த நாலாவது மாடி சுவர் ஓரம் தெரியுதா, அங்க நான் வெறுங்கால்ல நடந்தேன்" என்பார். உயரம் என்பது அவருக்குச் சம்பளம், அவருக்கு மரியாதை. ஆன்டெனா காலத்தில், தெருவிலேயே எங்கள் வீட்டுப் பைப்தான் உயரம். அவரே நட்டது. மற்ற வீட்டில் புள்ளி புள்ளியாக வரும் படம் எங்கள் வீட்டில் முகம் தெரிகிற மாதிரி வரும். ஜனங்கள் வந்து உட்காருவார்கள். அப்பா டிவியைப் பார்க்க மாட்டார், வந்தவர்களைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் டிஷ் இடுப்பு உயரத்தில் செங்கல்லுக்கு நடுவே நின்றது. "கோழிக்குத் தீனி வெக்கிற மாதிரி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்பார். வெயில் காலத்தில் அதோடு விட்டுவிட்டார். வேலை இருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் சென்ட்ரிங் ஆளுக்கு வேலை கிடையாது. மழையில் யாரும் தளம் போட மாட்டார்கள். அப்பா பகல் முழுக்க வீட்டில் இருந்தார். டிவி முன்னால் உட்கார்ந்தார். மழை பலமாகப் பிடிக்கும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்று, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் வடிவம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளில் ஐந்தாறு தடவை அதைப் பார்த்தார். நாலாம் நாள் டிஷ்காரருக்குப் போன் போடச் சொன்னார்.

தலையில் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு தூறலில் வந்தார். கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீர் இல்லை. மீட்டரை வைத்தார்.

"டிஷ்ஷுல ஒண்ணும் இல்லண்ணே. மழை. நின்னா வந்துடும்."

"மேல வெச்சா மழையிலயும் வரும்" என்றார் அப்பா.

"வராதுண்ணே. மேலயும் இதே மழைதான்."

"ஆன்டெனா காலத்துல இந்தத் தெருவுலயே எங்க வூட்ல மட்டுந்தான் படம் வந்துச்சு. ஏன்? உயரம்."

"அது வேறண்ணே. அது பட்டணத்து டவர்லேர்ந்து படுக்கையா வர்றது. குறுக்க வூடு, மரம் எல்லாம் கீது, தாண்டணும். இது செங்குத்தா வருது."

"ஏற பயமா கீதுன்னு சொல்லேன்யா. அத்த விட்டுட்டு கதை சொல்றே."

"பயந்தாண்ணே" என்றார் அவர், சாதாரணமாக. "ஆனா கதை இல்ல."

அப்பாவுக்கு அது போதவில்லை. பயம் என்று ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் அவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. காலேஜ்ல படிக்கிறியே. மேல வெச்சா வருமா, வராதா?"

அப்பா என்னிடம் ஒரு விஷயத்தை முடிவு செய்யச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நோட்டை எடுத்து வந்தேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரை அடியாக மாற்றினேன். அதன் கீழே எங்கள் ஷீட் கூரையின் பத்தடியை எழுதினேன். பூஜ்யங்களைக் காட்டினேன். மழைத்துளி எப்படி அலையைக் குடித்துவிடும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இவன் சொல்றதுதான் சரின்றே."

"ஆமாம்பா."

"இருபது வருசமா மேல நின்னு வேலை செய்றவன் நான். தரையில படுத்துகினு கீறவன் சொல்றது சரி."

"மேல நின்னா தெரிஞ்சுடுமாப்பா? இதெல்லாம் படிச்சாத்தான் புரியும். உனக்குப் புரியாது, விடு."

நான் அதைக் கத்திச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. ஒரு கணக்கை முடித்துக் கோடு போடுகிற மாதிரி சொன்னேன். அம்மா அப்போது தெருக்குழாயில் இருந்தாள். கேட்டது அப்பாவும் அவரும்தான். அவர் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. "தம்பி" என்றார் மெதுவாக. பாலிதீன் கவரை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அப்பா டிவி போடவில்லை. அதற்கு மறுநாள் மழை விட்டிருந்தது. எனக்குக் காலேஜில் பிராக்டிகல். அப்பா பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் ஏணி வாங்கி வந்தார். பைப்போடு டிஷ்ஷைப் பிடுங்கினார். அம்மா வேண்டாம் என்றாளாம். "நீ ஏணியப் புடி" என்றாராம்.

எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. உள்ளே மரச்சட்டம் போகிற வரிசையில், மேலே போல்ட் தெரிகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் டிஷ்ஷை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அது பாதத்தை மறைத்தது. இரண்டாவது எட்டில் ஷீட் உடைந்து அடுப்பங்கரைக்குள் விழுந்தார். டிஷ்ஷைக் கையிலிருந்து விடவில்லை.

நான் பிராக்டிகல் முடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்பங்கரையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பசித்தது. குண்டானில் இருந்த சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் டீச்சர் வந்து ஆஸ்பத்திரி பேரைச் சொன்னார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பதினொரு மணிக்கு அவர் சைக்கிளில் வந்தார். தனியாக வந்தார். வார்டு ஆள் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

மாமாதான் ஆரம்பித்தார். "இன்னாபா, ஏறி மாட்டறதுக்குத்தானே கம்பெனிக்காரன் உனக்குக் காசு குடுக்கறான்?"

"மாட்டறதுக்குக் குடுக்கறான். ஏறறதுக்குன்னு தனியா இல்ல."

வார்டு ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா முறைத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இவ புருசன் அங்க கால நீட்டிப் படுத்துகினு கீறாரு. நீ இங்க வந்து பேஜார் பண்ணாத. மேல வெக்கச் சொல்லிக் கேட்டாரா, இல்லியா?"

"கேட்டார்."

"நீ ஏன் வெக்கல?" இது அம்மா. அவள் குரலில் ஒன்றுமே இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து வந்தவள்.

"நான் ஏறமாட்டேன்கா."

"ஏன்?"

"ஏறல. அவ்ளோதான்கா" என்றார். அம்மா முந்தானையைப் பார்த்துக்கொண்டாள்.

வார்டு ஆள் இந்த மாதிரிப் பேச்சுகளில் பழகியவர். குரலை இறக்கிக் கேட்டார். "கோவப்படாம யோசிச்சு சொல்லுபா. அன்னைக்கு நீ ஏறி வெச்சிருந்தா, இவரு ஏறியிருப்பாரா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருந்திருக்கலாம், யார் கண்டது என்று எத்தனையோ சொல்லலாம்.

"ஏறியிருக்க மாட்டார்."

"அவ்ளோதான்" என்றார் மாமா.

"இரு" என்று மாமாவைக் கையமர்த்திய வார்டு ஆள், "வேற எதுனா பேச்சு நடந்துச்சா அன்னைக்கு? சண்ட கிண்ட? வாய் வார்த்தை?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. பஸ் நம்பரைப் பார்க்கிற அளவு.

"மழையப் பத்திப் பேசினோம்" என்றார். கேட்டதற்கு மேல் சொல்லாத மனிதர், அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டதற்குக் குறைவாகச் சொன்னார்.

வார்டு ஆள் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நியாயமா சொல்லு. மேல வையின்னு அப்பா கேட்டப்போ இவரு இன்னா சொன்னாரு?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மேலே வைத்தாலும் மழையில் வராது என்று அவர் எச்சரித்தார் என்று சொல்லலாம். நானும் அதையே சொன்னேன் என்று சொல்லலாம். அப்பாவை ஏற்றியது அவர் இல்லை, ஒரு வாக்கியம் என்று சொல்லலாம். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் படிக்க வைத்தவள்.

"வெக்க முடியாதுன்னார்" என்றேன்.

அது பொய் இல்லை.

எதிர்வீட்டு கேட்டில் நின்றிருந்த டீச்சர் உள்ளே போய்விட்டார். வார்டு ஆள் தொடையில் தட்டி, பத்தாயிரம் என்றார். அவர் "எட்டு தர்றேன்" என்றார். மாமா அதற்கு மேல் இழுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் டிஷ்காரர் பணத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். சுவரோரம் எங்கள் டிஷ் சாய்ந்து கிடந்தது, மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் வளைந்து. "அத்த நிமித்தி வெச்சுட்டுப் போறேன்கா, அஞ்சு நிமிசம்" என்றார். "வேணாம்" என்றாள் அம்மா.

பணம் அப்பாவின் இடுப்புக்குள் வைக்கிற ராடுக்குப் போனது. அப்பாவிடம் இதை நான்தான் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும்.

"அவன் எதுக்குக் குடுத்தான்?" என்றார்.

"மாமா பேசினார்."

"ஏறினது நானு. அவன் எதுக்குடா குடுத்தான்?" தலையைத் திருப்ப முடியாது; கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீ அங்க இல்லியா?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "திருப்பிக் குடுத்துரு" என்றார். அப்புறம் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. சென்ட்ரிங் வேலைக்கும் போகவில்லை. எங்கள் தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் டிஷ்காரரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை. ஒரு வீடு நிறுத்தியது, மற்ற வீடுகளும் நிறுத்தின. ஏணி வைத்திருக்கிற வேறு ஒரு பையன் வந்தான். பத்து டிஷ்ஷும் ஒவ்வொன்றாக மாடிக்குப் போயின. மழையில் எல்லாம் நின்றன.

படிப்பு முடிந்து எனக்குப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஐந்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எட்டாயிரத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அகரம்தென் போகிற வழியில் ஒற்றை அறை. வாசலில் மேஜை போட்டு ரிமோட் கழற்றிக்கொண்டிருந்தார். ஆள் மாறவில்லை. என்னை உடனே தெரிந்தது.

"அப்பா நடக்கிறாரா?"

"கோல் வெச்சுக்கினு நடக்கிறார்ணா."

"சரி."

கவரை மேஜையில் வைத்தேன். "அன்னைக்கு நீங்க குடுத்ததுண்ணா. அப்பா குடுக்கச் சொன்னார்."

பிரித்துப் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கவரை அதன் இடத்தில் நகர்த்தினார். வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்ணா."

"எதை?"

"அப்பாவை நான் சொன்னதை."

"நான்தான் அங்கயே இருந்தேனே தம்பி" என்றார். மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரல்.

கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவர் வாயால் ஒன்று கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. "இத்தோட சரியா போச்சாண்ணா?" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் யோசித்தார்.

"அஞ்சு என் கையில இருந்துச்சு. மூணு, மீட்டர அடகு வெச்சு வாங்கினது. மீட்கறதுக்கு ஆறு மாசம் ஆச்சு, வட்டி தொள்ளாயிரம். அந்த ஆறு மாசம் வேலைக்குப் போகணும்னா வாடகைக்கு மீட்டர் எடுக்கணும், அது ரெண்டாயிரத்து ஐநூறு."

"மொத்தம் எவ்ளோ ஆச்சுண்ணா?"

விரலை மடக்கிப் பார்த்தார்.

"பதினோராயிரத்து நானூறு."